ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

அப்பா நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த மானாப்புல்லும் இரண்டு மூன்று சுள்ளியும். இன்னும் விடியவில்லை. பெரட்டுக் களத்தின் மேல் பனி இறங்கி நின்றது. தப்பின் தோலை நெருப்புக்குக் காட்டி, விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டுவிட்டு மறுபடியும் நெருப்புக்குக் காட்டினார். நான் அவருடைய கம்பளியில் பாதியைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"தாயி, ஒருக்காச் சொல்லு," என்றார்.

"ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா," என்றேன்.

அவர் இரண்டு குச்சியாலும் தொடையில் மெல்லத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சரியாக வந்தது.

அன்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஐந்தாவது ஆண்டு விழா. வரிசை வீடுகளாக இருந்த எல்லா லயத்துக்கும் கேட்கிற மாதிரி தப்படித்து அப்பா ஆட்களைக் கூப்பிட வேண்டும். அதற்கென்றே புதிதாக ஓர் அடியை அவர் உண்டாக்கி வைத்திருந்தார். அந்த அடியை அடிப்பதற்குள் என்னென்னவோ நடந்துபோயிற்று.

அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்றால் என்ன என்று கொழும்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஐந்து வாரமாக இந்தப் பத்தியை எழுதுகிறேன், அந்த அம்மாளுக்கு இப்போதுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. போகட்டும். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்து, யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று பிரித்து அனுப்புவதுதான் பெரட்டு. அதற்கு வரச்சொல்லி விடியுமுன் தப்படிப்பார்கள். மடுல்சீமைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அந்த வேலை என் அப்பா சின்னானுடையது.

நாலு அடி

கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, மாரியம்மன் திருவிழாவுக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி. பெரட்டு அடிக்குப் பிள்ளைகள் நாங்கள் வார்த்தை போட்டு வைத்திருந்தோம்: "எந்திரி எந்திரி, கூடைய எடு."

அதைக் கேட்டால் தூங்குகிறவர் எழுந்திருப்பார், எழுந்தவர் கூடையைத் தேடுவார். யோசனை எல்லாம் அப்புறந்தான். காய்ச்சலில் கிடந்த என் அத்தை ஒருநாள் அந்தச் சத்தத்துக்கு எழுந்து, கூடையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனபிறகுதான் தனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டாள். நானே பார்த்தது.

பழைய காப்பி ஸ்டோர்

காப்பிச் செடியெல்லாம் நோய் விழுந்து செத்தபிறகு மலை முழுக்கத் தேயிலை போட்டார்கள். காப்பிக்கொட்டை காயவைத்த ஸ்டோர் ஒன்று சும்மா கிடந்தது. கல் சுவர், தகரக் கூரை, உள்ளே வௌவால். லயத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்று, பிள்ளைகள் படிக்க அதைக் கேட்டு வாங்கினார்கள்.

மிஷன் பள்ளிக்கூடம் பதுளையில் இருந்தது. எட்டி நடந்தாலும் ஒரு பகல் போய்விடும். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தோட்டமும் செலவு செய்யவில்லை, அரசாங்கமும் செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக ஒரு சிரட்டையில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை பிள்ளைகள் வீடு வீடாகப் போய் வாங்கி வருவோம். வாத்தியாருக்கு அதுதான் சம்பளம்.

வாத்தியார் பெயர் அருளப்பன். தேயிலை உருட்டுகிற மெஷினில் வலது கை விரல் இரண்டைக் கொடுத்துவிட்டு, வேறு வேலைக்கு ஆகமாட்டார் என்று அனுப்பப்பட்டவர். எங்களுக்கு அதிலே லாபம். மீதி மூன்று விரலால் வெண்கட்டியைப் பிடித்து அவர் எழுதிய 'ழ' அவ்வளவு அழகு. பின்னால் நானும் பதுளையில் முப்பது வருஷம் வெண்கட்டி பிடித்தேன். ஐந்து விரல் இருந்தும் எனக்கு அந்த 'ழ' வரவில்லை.

நாங்கள் தப்படிக்கிற சாதி. எங்கள் வீடு கடைசி லயத்தில். முதல் நாளே வாத்தியார் என்னை நடு வரிசையில் உட்காரவைத்தார். உடனே இரண்டு வீட்டில் பிடி அரிசி நின்றது. அதில் ஒன்று ஆட்களை மேய்க்கிற பெரிய கங்காணி வீடு. ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டுத் திரும்பவும் போட ஆரம்பித்தார்கள்.

அப்பா மட்டும் பள்ளிக்கூடத்துக்குள் வரமாட்டார். வேலை முடிந்து திரும்பும்போது, வெளியே தண்ணீர் ஓடுகிற கானோரம் நின்று நாங்கள் பாடம் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவார். ஓர் எழுத்தும் தெரியாத மனிதர். ஆனால் ஆனா ஆவன்னா முழுவதும் அவருக்குத் தாளமாகத் தெரியும்.

சுவரில் தொங்கிய கூடை

எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்புக்கு மேலே சுவரில், ஒரு சின்னக் கூடை தொங்கியது. எனக்கென்று அம்மா சொல்லி முடையவைத்தது. எனக்கு அப்போது பத்து வயது. என் வயதுப் பிள்ளைகள் பலர் மலைக்குப் போய் அரைப்பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பேர், பிள்ளைகளுக்கு அதில் பாதி.

"பள்ளிக்கொடம் இருக்கிற மட்டும் போ. அது மூடுன மறுநா இந்தக் கூடை ஒந்தலையில," என்பாள் அம்மா.

கோபமாகச் சொல்வதில்லை. இருக்கிற மாவுக்கு எத்தனை ரொட்டி வரும் என்று பார்க்கிற குரலில்தான் சொல்வாள். வீட்டில் எனக்குப் பின்னால் இன்னும் மூன்று பிள்ளைகள். நான் ராத்திரியில் அந்தக் கூடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் படுப்பேன்.

மூடுகிற வேளையும் வந்தது. கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஒரு மரமும் உளுத்துப்போய்த் தொங்கியது. துரை வந்து பார்த்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் புதுத் தகரம் போடாவிட்டால் சுவரை இடித்துக் கல்லை ரோட்டு வேலைக்கு எடுத்துவிடுவேன் என்றார். பிள்ளைகள் தலையில் விழுந்தால் தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அதனால் எங்களுக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

ஆண்டு விழா என்று ஒன்று வைத்து, வருகிறவர்கள் தட்டில் போடுகிற காசில் தகரம் வாங்கலாம் என்றார் வாத்தியார். பதுளைக்கு ரயில் வராத காலம். தகரம் பண்டாரவளைவரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் பசறைக்கு வரவேண்டும். பசறையில் கடை வைத்திருந்த காசிம் நானா லாபம் வேண்டாம், வாங்கிய விலைக்கே தருகிறேன் என்றார். விழாவுக்குத் தலைமை தாங்கவும் ஒப்புக்கொண்டார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சம்பளம்தான் போடவில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறாகப் பார்த்து வாத்தியார் நாள் குறித்திருந்தார். சம்பளம் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. தட்டில் போட ஒருவரிடமும் சல்லி கிடையாது. விழாவைத் தள்ளிவைத்தால் மழை பிடித்துவிடும்.

"வர்றவுங்க வரட்டும், நடக்கிறது நடக்கட்டும்," என்றார் வாத்தியார். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

எந்த அடி அடிப்பது

எந்த அடி அடித்துக் கூப்பிடுவது என்று ஒரு வழக்கு வந்தது. கல்யாண அடி அடித்தால் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்கள். திருவிழா அடி மாரியம்மனுக்கு மட்டும் என்று பெரிய கங்காணி சொல்லிவிட்டார். சாவு அடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

"பள்ளிக்கொடத்துக்குன்னு புதுசா ஒண்ணு போட்டுர்றேன் வாத்தியாரே," என்றார் அப்பா.

ஒரு வாரம் பானையிலும் தொடையிலும் தட்டினார். நான் ஆனா ஆவன்னா சொல்லச் சொல்ல, அதையே அடியாக்கினார். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டே, "பானைய ஒடச்சிட்டுத்தான் விடப்போறாரு ஒங்கப்பன்," என்பாள். ஆனால் அவள் கையும் அந்தத் தாளத்துக்கே மாவைத் தட்டியதை நான் பார்த்தேன்.

கை பிசகியது

விடியுமுன் ஒரு தடவையும் ஒன்பது மணிக்கு ஒரு தடவையும் அடிப்பதாக ஏற்பாடு. அப்பா நெருப்பை விட்டு எழுந்தார். தப்பைத் தோளில் மாட்டினார். தினமும் ஏறி நிற்கிற கல்லில் ஏறி, தினமும் பார்க்கிற பக்கம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குச்சியை ஓங்கினார்.

எந்திரி எந்திரி, கூடைய எடு.

நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. எந்திரி எந்திரி, கூடைய எடு. கல்லில் ஏறிக் கையைப் பிடித்துத் தொங்கியபிறகுதான் நிறுத்தினார்.

"என்ன அடிச்சேன் தாயி?"

"பெரட்டு அடிச்சிட்டீங்கப்பா."

அப்பா கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷம் அதே கல்லின் மேல் நின்று அதே நேரத்தில் அதே அடியை அடித்த கை அது. துரை சொல்லாமல் பெரட்டு அடிப்பது சின்ன விஷயமில்லை. பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து, குடும்பத்தோடு தோட்டத்தை விட்டு அனுப்பிவிடுவார்கள்.

லயத்தில் குப்பி விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருமல் சத்தம், கதவுச் சத்தம். பனிக்குள்ளிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தலையில் கம்பளி, முதுகில் கூடை, இடுப்பில் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு ஆளுக்கும் தோன்றவில்லை.

அம்மாவும் வந்தாள். ஒரு வாரமாகப் புது அடியைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவள். விழாவுக்கென்று எனக்குப் பாவாடை துவைத்துக் காயப்போட்டவள். அவளும் கூடையோடு வந்து வரிசையில் நின்றாள்.

வாத்தியார்கூட வந்தார். தேயிலை ஸ்டோர் வேலையை விட்டு ஆறு வருஷமாகியும், பெட்டியில் கிடந்த பழைய காக்கிக் காற்சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருந்தார். இதைப் பற்றிப் பின்னால் எப்போது கேட்டாலும், குளிருக்குப் போட்டேன் என்று சாதிப்பார்.

எல்லாருக்கும் மேலே பெரிய கங்காணி. கோட்டு, தலைப்பாகை, குடை சகிதம் வந்து, "வரிசையா நில்லு, வரிசையா நில்லு," என்று பிரித்துவிட ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் நின்ற ஒரு கிழவர்தான் கேட்டார்: "ஏங்கய்யா, இன்னைக்கு நாயித்துக் கெழமதானே?"

பெரிய கங்காணியின் குடை அந்தரத்தில் நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

துரை கேட்ட கேள்வி

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். வா, போ, வெட்டு, எடு என்கிற தமிழ்.

"யார் பெரட்டு அடிச்சான்?" என்றார்.

அப்பா கல்லிலிருந்து இறங்கினார். "தொரைங்களே, நான்…" என்று தொடங்கினார்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன் தொரை," என்றார் பெரிய கங்காணி.

அவருக்கு அப்பா மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாமல் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து வரிசை பிடித்த கதை துரைக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்ற பயம்தான். மனிதர் நின்ற நிலையில் யோசித்தார் பாருங்கள், அந்த மூளைக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன்.

"கீழ்மலையில கொழுந்து முத்திப் போகுதுன்னு நேத்துச் சத்தம் போட்டீங்களே தொரை. இன்னைக்குக் கைக்காசுக்கு எடுத்து, அந்தக் காசப் பள்ளிக்கொடத்துத் தகரத்துக்குக் குடுக்கிறோம்னு ஆளுக எல்லாம் சொல்றாங்க."

லீவு நாளில் கொழுந்து எடுத்தால் றாத்தலுக்கு இவ்வளவு என்று அன்றைக்கே கையில் காசு கொடுப்பார்கள். அதுதான் கைக்காசு. ஆட்கள் யாரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் முதுகொடிந்தவர்கள் ஏழாவது நாளையும் ஏன் கொடுக்கப்போகிறார்கள்?

துரை வரிசையைப் பார்த்தார். "எல்லா ஆளும் போறான்?"

இல்லை என்று ஒரே ஒரு வாய் சொன்னால் போதும். அப்பாவுக்குச் சீட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கடப்பாறை.

அம்மாதான் முதலில் அசைந்தாள். இறக்கி வைத்திருந்த கூடையைத் தூக்கிக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். அவள் அதுவரை துரையின் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை.

"போறோம் தொரை," என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி கூடையைத் தூக்கினாள். அப்புறம் வரிசை முழுவதும் தூக்கியது. துரை, "சரி, எடு," என்று சொல்லிக் குதிரையைத் திருப்பினார்.

அம்மா என் பக்கம் பார்த்தாள். "ஏ புள்ள, ஓடிப்போயி ஒங்கூடைய எடுத்துட்டு வா."

அழுதுகொண்டே ஓடினேன். பள்ளிக்கூடத்துக்காகத்தான் என்று தெரிந்தது. இருந்தாலும் அந்தக் கூடை ஒருநாள் தலையில் ஏறிவிட்டால் அப்புறம் இறங்காது என்று பயந்தேன்.

தலைவர் காத்திருந்தார்

அன்று அம்மாவின் நிரைக்குப் பக்கத்து நிரை எனக்கு. இரண்டு இலையும் ஒரு குருத்தும் எப்படிக் கிள்ளுவது என்று ஒரு தடவை காட்டினாள். பிறகு தன் நிரையில் முன்னே போய்விட்டாள். பெண்கள்தான் அப்பாவை விடவில்லை.

"மாமா, நாளைக்கு வெடியக்கால நாயித்துக் கெழம அடி ஒண்ணு அடிங்க. நாங்க படுத்துத் தூங்குறோம்," என்றாள் ஒருத்தி. அப்பா தலையைக் குனிந்துகொண்டு கொழுந்து மூட்டையைத் தூக்கிப் போனார். சாகும்வரை அந்தக் கேலி அவரை விடவில்லை.

பத்து மணிக்குக் காசிம் நானா பசறையிலிருந்து வந்துவிட்டார். புதுச் சாரம், வெள்ளைத் தொப்பி, கையில் பிள்ளைகளுக்குப் பூந்திப் பொட்டலம். பள்ளிக்கூடத்தில் காகிதத் தோரணமும், அதைத் தின்றுகொண்டிருந்த இரண்டு ஆடும்தான் இருந்தன. தலைவருக்கென்று போட்டிருந்த ஒரே நாற்காலியில் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆடுகளுக்குத் தலைமை தாங்கினார். விஷயம் தெரிந்ததும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் தராசுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் எங்க குந்தினா என்ன, ஆளுக இருக்கிற எடந்தானே விழா," என்றார்.

அன்றைய கைக்காசு கூரையில் முக்கால்வாசிக்குக் கண்டது. மீதிக்குப் பின்னால் மானாப்புல் வேய்ந்தோம். துரை பங்களாவிலிருந்து பார்த்தால் தெரிகிற பக்கம் தகரம், தெரியாத பக்கம் புல். அந்தக் கூரையின் கீழ் நான் மேலும் நாலு வருஷம் படித்தேன்.

விழாவை அன்று பின்னேரமே, மூன்று மணிக்கு நடத்தினோம். மேடை இல்லை, மாற்றுடுப்பு இல்லை. எல்லார் விரலிலும் கொழுந்துக் கறை. பெரிய கங்காணி ஒரு இலை கிள்ளவில்லை, ஆனால் முன் வரிசையில் உட்கார்ந்தார். நான் வரவேற்புரை வாசிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பழைய ஓட்டைகள் வழியாக ஒழுகி, என் காகிதத்தில் மை கரைந்தது. மனப்பாடம் என்பதால் தப்பித்தேன்.

அப்பா வெளியே கானோரம் நின்றார். தப்பைக் கம்பளிக்குள் வைத்து மூடிக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார்.

வாத்தியார் வாசலுக்குப் போனார். "தோல் நனையுது பாருங்க. உள்ள வாங்க," என்றார்.

அப்பா பெரிய கங்காணியைப் பார்த்தார். பெரிய கங்காணி கூரை எங்கே ஒழுகுகிறது என்று ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காசிம் நானா எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்தார்.

அப்பா விழாவுக்குத் தேத்தண்ணி வைத்த அடுப்புத் தணலில் தப்பைக் காயவைத்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று அந்தப் புது அடியை அடித்தார். ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. பிள்ளைகள் கூடவே சொன்னோம். பிறகு பெரியவர்களும் சொன்னார்கள். எழுத்து தெரியாத அத்தனை பேரும் வாய்விட்டுச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுதேன்.

கயிறு

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை அடுப்பு முன்னால் உட்காரவைத்துத் தலையைத் துவட்டினாள். துவட்டிக்கொண்டிருந்த கை நின்றது. உச்சியில் கூடைக் கயிறு அழுத்திய இடம் சிவந்து தடித்திருந்தது. அதன் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

அம்மாவுக்கு அதே இடத்தில் முடி கிடையாது. ஒரு விரல் அகலத்துக்கு வழுக்கை. நான் பிறந்ததிலிருந்து பார்ப்பது என்பதால் அம்மாக்களுக்குத் தலை அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

எழுந்து போய் அப்பாவின் கவ்வாத்துக் கத்தியை எடுத்துவந்தாள். தேயிலைச் செடியின் கிளையை வெட்டுகிற கத்தி. என் கூடையைக் காலுக்கிடையில் வைத்து, கயிற்றை இரண்டு பக்கமும் அறுத்து அடுப்பில் போட்டாள். ஈரக் கயிறு புகைந்து கண்ணெல்லாம் எரிந்தது.

"இத வாத்தியாருகிட்டக் குடு. சிலேட்டுப் போட்டு வைக்கட்டும்," என்றாள்.

அப்பா தப்பை அதன் ஆணியில் மாட்டிவிட்டு, கயிறு எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன் பெரட்டுத் தப்பு அடித்தது. அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். நான் என் கூடையைக் கையில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.